அனுபவம் என்ற இடத்தில் எழுதியது

அன்றைக்கு எங்கள் காம்பராவில், அதாவது தோட்டத்து லயத்தில் எங்களுக்கு உள்ள ஒற்றை அறையில், இருந்தவர்களின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் யோகராஜ், பாயில் படுத்திருந்தார். என் மகள் ஷர்மிளா, அவர் தலைமாட்டில். நம் பாஸ்டர் ஐயா. பாஸ்டர் அம்மா. பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா. அவர் நம் சபை இல்லை, அம்மன் கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மோகன். அவர் உள்ளே வரவில்லை, வாசலில் செருப்போடு நின்றார். அப்புறம் நான், ஜெயராணி.

பெயர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் உக்குவளைப் பக்கம்தான் இருக்கிறார்கள். வந்தால் கேட்கலாம். நான் கூட்டிச் சொன்னால் அவர்களே என்னைத் திருத்துவார்கள்.

எனக்கு அதிகம் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன், நாலு வார்த்தை சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் அம்மா விடவில்லை. "வாயால சொல்ல வராட்டி எழுதிக் குடு ராணி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அந்த வருடம் பெப்ரவரியில் என் கணவர் கராம்பு மரத்தில் இருந்து விழுந்தார். கிளை முறிந்தது. முதுகெலும்பில் அடி. மாத்தளை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். உயிர் தப்பியது. ஆனால் எழுந்து உட்கார ஒரு ஆள் தூக்க வேண்டும்.

மே மாதம் தோட்டத்து ஸ்டோரை மூடினார்கள். எங்கள் தோட்டத்தில் தேயிலையும் உண்டு, மிளகு, கராம்பு, சாதிக்காயும் உண்டு. காய்ந்ததைச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்பும் இடம்தான் ஸ்டோர். நான் இருபத்திரண்டு வருடம் அங்கேதான் வேலை செய்தேன். இனிமேல் பச்சையாகவே லொறியில் ஏற்றி விற்கப் போவதாகச் சொன்னார்கள். எங்களுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை தந்தார்கள், வாரத்தில் மூன்று நாள்.

மூன்று நாள் வேலையில் ஒரு வீடு நடக்காது. மகளுக்கு வருடக் கடைசியில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். மோகன் எல்லா வேலையும் பார்த்தார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மெடிக்கல் முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் பயணம் என்றார்.

நான் போனால் என் கணவரை யார் தூக்குவது? மகள்தான். மகள் அவரைத் தூக்கினால் பள்ளிக்கூடம் நிற்கும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

எனக்கு அழுகை வராது. அம்மா செத்தபோதும் வரவில்லை. உள்ளே கல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நான் முதலில் சொன்னவர்கள் கூடியது ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம். பாஸ்டர் ஐயா நீண்ட ஜெபம் செய்தார். என் ஜெபம் சின்னது. "ஆண்டவரே, இங்கேயே ஒரு வேலை கொடும். இல்லை, போ என்று சொன்னால் போகிறேன்." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆமென் சொல்லி முடித்ததும் பார்வதி அக்கா வாயைத் திறந்தார்.

"நான் குறுக்க பேசக் கூடாதுன்னு இருந்தேன். பலாபத்வலயில புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு. மிளகு, கராம்பு எல்லாம் வாங்கி சுத்தம் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புறாங்களாம். கேட்டுல போர்ட் போட்டிருக்கு, பஸ்ல வரக்குள்ள பார்த்தேன். ஆள் வேணுமாம். பயோடேட்டா குடுக்கணுமாம்."

வாசலில் நின்ற மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயோடேட்டாவா? ஒங்களுக்கா அக்கா? என்னத்த எழுதுவீங்க? கூட்டுமாறு புடிச்சேன், சாக்கு ஒதறினேன்னா?"

"நீ எழுத வேணாம் தம்பி, அவ எழுதிக்குவா" என்றார் பார்வதி அக்கா.

மோகன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் உக்குவளை டவுனுக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கம் ஃபரீதா ராத்தாவின் கடை இருக்கிறது. ராத்தா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அக்கா. போட்டோ கொப்பி, டைப் பண்ணுவது, போன் கார்ட், எல்லாம் அங்கே. என் வயதுதான் இருக்கும். ஆனால் ஊரே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்கனவே ஒரு மாதிரி வைத்திருந்தார். அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பெயர் சொன்னேன். விலாசம் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு எழுதிப் போடுகிறவர்கள் லயத்து விலாசம் கொடுக்க மாட்டார்கள். தோட்டம் என்று கண்டால் தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று பயம். டவுனில் தெரிந்த கடை விலாசத்தைக் கொடுப்பார்கள். நானும் மளிகைக் கடை விலாசத்தைக் கொடுத்தேன்.

"படிப்பு?"

"அஞ்சாம் வகுப்பு."

"பொழுதுபோக்குண்டு ஒண்டு போடணும்."

"பொழுது போக எங்க ராத்தா நேரம்?"

"சரி, எல்லாரும் போடுறதையே போடுறேன். புத்தகம் வாசித்தல்." அவர் தட்டினார். "வேலை அனுபவம்?"

"ஒன்னும் இல்ல."

"ஒண்டுமே இல்லயா?"

"தோட்டத்துல கூலி வேலைதான் ராத்தா. அத எழுதுவாங்களா?"

அவர் தோளைக் குலுக்கினார். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டார். கடைசியில் என்னைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய இரண்டு பேர், சொந்தக்காரர் இல்லாதவர்கள், வேண்டும் என்றார். பாஸ்டர் ஐயாவையும் கிராம சேவகரையும் கொடுத்தேன். கிராம சேவகருக்கு என் முகம் தெரியாது.

பஸ் ஏறி பலாபத்வல போனேன். கேட்டில் காவல்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பெட்டியில் போட்டார். பெட்டி நிறையத் தாள் இருந்தது.

ஒரு வாரம் போனது. இரண்டு, மூன்று வாரம் போனது. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். ஒரு பதிலும் இல்லை. "ஆண்டவர் போகச் சொல்கிறார் போல" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலைக் கடைசியில் மோகன் ஒரு விசா தாள் தந்து, கொப்பி எடுத்து வரச் சொன்னார். அதற்காகத்தான் திரும்பவும் ஃபரீதா ராத்தாவின் கடைக்குப் போனேன். வேறு எதற்கும் இல்லை. இங்கேதான் ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

மேசை ஓரத்தில் ஒரு சுளகில் மிளகு காய வைத்திருந்தார். வீட்டுக்கு அரைக்க வாங்கியதாம். மெஷின் சூடாகும்வரை நான் சும்மா நின்றேன். கை தானாகச் சுளகுக்குப் போனது. ஒரு பிடி அள்ளினேன். உருட்டினேன். இரண்டைக் கடித்தேன்.

"ராத்தா, இத யாரு குடுத்தா?"

"ரோட்டால போன ஒரு ஆள். ஏன்?"

"பத்துக்கு ரெண்டு பப்பாசி விதை. மிச்சமும் பிஞ்சுல பறிச்சது, உள்ள ஒன்னும் இல்ல. தார் ரோட்டுல காய வச்சிருக்கான், மண் கடிபடுது. இன்னும் ஈரமும் இருக்கு. டின்னுல போட்டீங்கன்னா ஒரு கிழமையில பூசணம் புடிச்சிரும்."

ராத்தா சுளகைப் பார்த்தார். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். பப்பாசிப் பழ விதைதான்.

"அல்லாஹ்வே! இது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?"

"ஸ்டோர்ல இதுதானே வேலை. இருபத்திரண்டு வருசம்."

அவர் முகம் மாறிவிட்டது. மெஷினை நிற்பாட்டினார்.

"இருபத்திரண்டு வருசமா? எனக்கிட்ட ஒண்டும் இல்லண்டு சென்னீங்களே!"

"கூலி வேலைன்னு சொன்னேனே ராத்தா."

"இல்லண்டு சென்னீங்க. நான் இல்லண்டு அடிச்சேன். மிளகுக் கம்பெனிக்குப் போற தாளில மிளகு தெரியாதுண்டு எழுதிக் குடுத்திரிக்கோம் ரெண்டு பேரும். நீங்க பொய் சென்னீங்க, நான் அதக் கூலி வாங்கிட்டு டைப் பண்ணினேன்."

"நான் பொய் சொல்லல்ல ராத்தா."

"இரிக்கிறத இல்லண்டு சென்னா அதுக்கு வேற என்ன பேர்?"

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தண்டவாளத்து ஓரமாக நடந்தேன். நடக்க நடக்க அந்த வார்த்தை உள்ளே இறங்கியது.

அவர் சொன்னது சரி. விலாசம் பொய். புத்தகம் வாசித்தல் பொய். அனுபவம் இல்லை என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். என் கையில் இருந்ததைக் கொடுத்தவர் ஆண்டவர். தினம் தினம் இருபத்திரண்டு வருடம் கொடுத்தார். அவர் கொடுத்ததை இல்லை என்று எழுதிவிட்டு, கொடும், கொடும் என்று உபவாசம் இருந்தேன். அவர் எப்படிப் பதில் சொல்வார்? தண்டவாளத்து ஓரத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். திரும்பிக் கடைக்குப் போனேன்.

"ராத்தா, இன்னொன்னு அடிங்க. உள்ளத மட்டும் சொல்றேன்."

"உக்காருங்க" என்றார். பழைய மாதிரியை மூடினார். வெறுந்தாள் ஒன்றைத் திறந்தார். "இப்ப செல்லுங்க. காலையில ஸ்டோருக்குப் போய் மொதல்ல என்ன செய்வீங்க?"

நான் சொன்னேன். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவேன். காய்ந்த மிளகு குளிர்ச்சியாக இருக்கும், வழுக்கி விலகும். ஈரமானது சூடு பிடித்திருக்கும். சாதிக்காயைக் காதுப் பக்கம் ஆட்டிப் பார்ப்பேன். காய்ந்தால் உள்ளே பருப்பு ஆடும். கராம்பில் தலை உதிர்ந்ததைப் பொறுக்குவேன்.

"எத்தன மூட்டை?"

"பறிக்கிற காலத்துல ஒரு நாளைக்கு நாப்பது வரைக்கும்."

"தனியாவா?"

"இல்ல. பதினொரு பொம்பளைங்க. நான்தான் பார்த்துக்குவேன்."

"பார்த்துக்குவேண்டா? ஒங்கட பொறுப்பா?"

"ஆமா. ஒம்பது வருசம்."

ராத்தா தட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இன்னும் என்னத்த ஒளிச்சி வச்சிரிக்கிறீங்க? எல்லாத்தையும் கொட்டுங்க."

அந்தத் தாளில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். ராத்தா சிங்களத்திலும் இங்கிலீசிலும் அடித்தார். எனக்காகத் தமிழிலும் ஒன்று அடித்தார். அது என்னிடம் இருக்கிறது.

விலாசம்: நான்காம் இலக்க லயம், ஆறாம் காம்பரா. பிறகு எங்கள் தோட்டத்தின் பெயர், முழுதாக.

செய்த வேலை: தோட்ட ஸ்டோரில் மிளகு, கராம்பு, சாதிக்காய் தரம் பிரித்தல், இருபத்திரண்டு வருடம்.

ஈரமும் கலப்பும் கையால் பார்த்துச் சொல்வேன்.

மூட்டை தைக்கும் முன் கடைசிப் பரிசோதனை என்னுடையது.

ஒன்பது வருடம் பதினொரு பெண்களின் வேலைக்குப் பொறுப்பு.

அந்த ஒன்பது வருடத்தில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய மூட்டை ஒன்றும் இல்லை.

தமிழ் எழுதுவேன், பேசுவேன். சிங்களம் பேசுவேன்.

படிப்பு: ஐந்தாம் வகுப்பு.

படிப்பைக் கடைசியில்தான் போட்டார். பொழுதுபோக்கு இல்லை. ஒரே தாள்.

வாசித்துக் காட்டினார். நான் திரும்பவும் ஒரு தரம் வாசிக்கச் சொன்னேன். என்னைப் பற்றி இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. சாட்சி எழுதுகிறவர்கள் எனக்கு ஒரு பெருமையும் இல்லை என்று எழுதுவார்கள். எனக்கு இருந்தது. அதையும் இல்லை என்று எழுத மாட்டேன்.

"இப்ப ஒங்களப் பத்திச் செல்ல ரெண்டு பேர்" என்றார் ராத்தா. "பாஸ்டர் இரிக்கட்டும், அவர் ஒங்கட குணத்துக்கு. ஒங்கட வேலையப் பார்த்த ஆள் யார்?"

என் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒருவர்தான். குணபால ஐயா, ஸ்டோர் கிளார்க். அவருக்குப் பிறகு வந்தவர் மேசையை விட்டு எழுந்ததில்லை. குணபால ஐயாவுக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

நடந்தது இதுதான். ஒரு நாள் லொறி வந்து நின்றது. பதினாறு மூட்டை மிளகு. கை விட்டுப் பார்த்தேன். நடுவில் சூடு. ஈரம். ஐயா அவசரத்தில் இருந்தார். "தையி" என்றார். ஈரம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தையி" என்றார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நேரே தோட்ட மேனேஜர் துரையின் ஆபிசுக்குப் போனேன். துரை வந்து மூட்டையைக் கொட்டச் சொன்னார். ஈரம்தான். எல்லார் முன்னாலும் ஐயாவுக்கு ஏச்சு. அடுத்த மாதம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் பேசவில்லை. இப்போது பென்ஷனில் இருக்கிறார். வீடு உக்குவளையில்தான்.

ராத்தாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

"வேற ஆள் இல்லயா?"

"இல்ல."

"அப்ப அவர்தான். கேக்காம அவர்ட பேரப் போட மாட்டேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

மூன்று நாள் போகவில்லை. குவைத் போவது லேசு, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது கஷ்டம் என்று இருந்தது. நான்காம் நாள் காலையில் ஜெபம் செய்தேன். "எனக்கு வார்த்தை கொடும். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கவாவது பலம் கொடும்." என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அவருகிட்ட போய் வாய மூடிக்கிட்டு நின்னா அவருக்கு என்னத்த வெளங்கும்?" என்றார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

குணபால ஐயா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சிங்களவர்தான், ஆனால் தமிழ் எங்களை மாதிரியே பேசுவார்.

"ஆ, ஜெயராணி. என்ன, இங்கயும் ஈரம் பார்க்க வந்தியா?"

"இல்லங்க ஐயா."

"அப்ப துரைகிட்ட என்னப் பத்திச் சொல்ல இன்னும் மிச்சம் இருக்கா?"

நான் நின்றேன். வார்த்தை வந்தது. எனக்கு அவ்வளவு வார்த்தை வந்ததே இல்லை.

"ஐயா, மூட்டைய தைக்காததுக்கு நான் மன்னிப்புக் கேக்க வரல்ல. அது ஈரந்தான். ஆனா ஒங்கள மாத்தினப்ப ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கணும். கேக்கல்ல. அதுக்கு மன்னிச்சிருங்க. இப்ப எனக்கு ஒரு உதவி வேணும். மாட்டேன்னாலும் கோபம் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். கணவர், மகள், குவைத், தாள். அவர் துணியால் கையைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"நீ அன்னைக்கி இன்னொரு தடவ என்கிட்ட சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"மூணு தடவ சொன்னேங்க ஐயா."

அவர் வீட்டுக்குள் பார்த்து மனைவியிடம் சிங்களத்தில் சொன்னார். "இவள் கொஞ்சமும் மாறவில்லை. தேத்தண்ணி போடு."

தேத்தண்ணி குடித்து முடித்தோம். பிறகு சொன்னார்.

"என் பேரப் போடு. போன் நம்பரும் போடு. ஆனா ஒன்னு. அவங்க கேட்டா நடந்தத நான் மறைக்க மாட்டேன். அந்தப் பதினாறு மூட்டைக் கதையையும் சொல்லுவேன். என்ன மீறிக்கிட்டு துரைகிட்ட போனவன்னு சொல்லுவேன்."

மேலாளை மீறிப் போகிற ஒருத்தியை எந்தக் கம்பெனி எடுக்கும்? ஆனால் உள்ளதை மட்டும் சொல்வேன் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். அவரை மட்டும் எப்படி மறைக்கச் சொல்வது?

"சொல்லுங்க ஐயா. நடந்ததுதானே."

தாளை மறுபடியும் கேட்டில் கொடுத்தேன். அதே பெட்டி.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் மோகன் வந்தார். டிக்கட் வந்துவிட்டது, இருபத்தேழாம் திகதி என்றார். சூட்கேஸ் வாங்கச் சொன்னார். மகள் அன்றைக்கு என் கணவரைத் தூக்கி உட்கார வைக்கப் பழகினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சின்ன உடம்பு. இரண்டாம் தடவை சரியாகத் தூக்கினாள். "பாரும்மா, முடியுது" என்றாள். நான் வெளியே போய் பைப்படியில் முகம் கழுவினேன்.

பதினெட்டாம் திகதி கம்பெனியில் இருந்து போன் வந்தது. இருபதாம் திகதி காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார்கள்.

பார்வதி அக்கா தன் நல்ல சேலையைக் கொண்டு வந்து தந்தார். "ஒங்க ஆண்டவருகிட்ட நீ சொல்லு. எங்க ஆத்தாகிட்ட நான் சொல்லிர்றேன்" என்றார். பாஸ்டர் ஐயா சபைப் போனில் செய்தி போட்டார். எத்தனை பேர் ஜெபித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் நன்றி.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர், ஆபிஸ் ஐயா ஒருவர், லேப் மிஸ். பேச்சு சிங்களத்தில். மேனேஜர் கையில் என் தாள். படிப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "திருப்பி அனுப்பிய மூட்டை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையா?" என்று கேட்டார்.

"உண்மை" என்றேன்.

லேப் மிஸ் மூன்று பாத்திரம் கொண்டு வந்து வைத்தார். மூன்றிலும் மிளகு.

இங்கே நான் பயப்படவில்லை. இதை வீம்புக்குச் சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கின மீனுக்குப் பயம் இருக்காது. முதல் பாத்திரத்தில் கை விட்டேன். நல்லது. இரண்டாவது, பாதி பிஞ்சு, எடை நிற்காது. மூன்றாவது பார்வைக்கு மூன்றிலும் அழகு. கறுப்பாக மினுங்கியது. அள்ளி உருட்டினேன். உள்ளங்கையில் வழவழப்பு.

"இதற்கு எண்ணெய் தடவியிருக்கிறார்கள். பழைய சரக்கு. மினுக்கம் காட்டத் தடவினது."

லேப் மிஸ் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பற்றி குணபால மாத்தயாவிடம் போனில் கேட்டேன்."

நான் கையில் இருந்த மிளகைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டேன்.

"அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஈர மூட்டையைத் தைக்க ஆள் வேண்டும் என்றால் இவளை எடுக்காதீர்கள். நான் சொல்லியே தைக்கவில்லை. நீங்கள் சொன்னாலும் தைக்க மாட்டாள்' என்றார்."

முடிந்தது என்று நினைத்தேன்.

மேனேஜர் சொன்னார்: "தைக்கிறதுக்கு எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள்."

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். செப்டம்பர் முதலாம் திகதி வேலைக்கு வர வேண்டும். தரம் பார்க்கும் பிரிவு. தைக்கும் முன் கடைசிப் பரிசோதனை என்னுடையது.

கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும் எழுதினேன்.

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. ரோட்டில், ஆட்கள் பார்க்க. மாத்தளை போகிற பஸ் ஒன்று நின்றது, நான் ஏறவில்லை என்று கண்டக்டர் ஏசிவிட்டுப் போனார். இரண்டு பஸ் விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

முதலில் ஃபரீதா ராத்தாவின் கடைக்குப் போனேன். தாளை மேசையில் வைத்தேன். வாசித்தார். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். "இத நான் கொப்பி எடுத்து இந்தச் செவரில ஒட்டப் போறேன்" என்றார். ஒட்டினார். இன்னும் இருக்கிறது.

குணபால ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் கேட் வரை வந்தார்.

மோகன் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சீங்களா அக்கா? நாளைக்கு நிப்பாட்டினாங்கன்னா என்கிட்ட வராதீங்க." என் கணவர் பாயில் இருந்து சொன்னார்: "அவ வர மாட்டா தம்பி. நீ வேணும்னா அவகிட்ட வா, எழுதிக் குடுப்பா."

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. என் கீழ் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். மகள் பரீட்சை எழுதினாள், பாஸாகி உயர்தரம் படிக்கிறாள். என் கணவர் கம்பு ஊன்றி ஜெபவீடு வரை நடக்கிறார். வழியில் இரண்டு இடத்தில் உட்காருவார். அதுவும் ஜெபத்துக்கு வந்த பதில்தான். அதை அவர் எழுதட்டும்.

என் வாழ்க்கையில் மாறியது ஒன்று. ஜெபிக்க முழங்காலில் நின்றால், கேட்பதற்கு முன்னால் இருப்பதைச் சொல்கிறேன். இது இருக்கிறது, இது இருக்கிறது, இது நீர் கொடுத்தது என்று. சொல்லி முடிக்கும்போது கேட்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபவீட்டுப் பின்பக்க வாங்குப் பலகையில் உட்காருகிறேன். வேலை தேடுகிறவர்கள் வருவார்கள். நம் சபைக்காரர் மட்டும் இல்லை, கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் வருவார்கள். நான் எழுதும் கொப்பியைத் திறந்து, என்ன வேலை தெரியும் என்று கேட்பேன். முதலில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் ஒன்பது வருடம் பிள்ளை பார்த்தவள், நாற்பது குழந்தைக்கு ஒரு காயம் இல்லாமல் பார்த்தவள், சும்மா இருந்தேன் என்பாள். காலையில் செய்ததில் இருந்து சொல்லு என்பேன். சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுவேன். ஃபரீதா ராத்தா டைப் அடிப்பார். லயத்து விலாசம்தான் போடுவோம்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிறவர் வேலை இல்லாமல் இருந்தால், கை வெறுமை என்று நினைத்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலில் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து, இத்தனை வருடம் கையால் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். கூட்டவும் வேண்டாம். அதையே தாளில் எழுதுங்கள். மிச்சத்தை அவரிடம் விடுங்கள். என்னை விடாதவர் உங்களையும் விட மாட்டார். எழுதத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வாங்க.

என் கொப்பியில் இதுவரை எழுதினது முப்பத்தொரு பேருக்கு. வேலைக்குப் போயிருப்பவர்கள் பத்தொன்பது.